வெயிலில் சுருண்டு விழுந்தவருக்குத் தண்ணீர்: குடிக்க அல்ல, உடம்பில் ஊற்ற

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. காலை 11 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்கு முடிந்த நிகழ்ச்சிக்கு, பல லட்சம் பேர் அதற்கு வெகுநேரம் முன்பே வந்து நிழலே இல்லாத மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு ஐந்து பேர் இறந்துபோனார்கள். வெயிலின் தாக்கம்தான் காரணம் என்றும், ஐந்து பேருமே உயிர் பிரிந்த நிலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்றும் அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அது கத்திரி வெயில் காலமே இல்லை. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸும் கடலோரத்தில் 37 டிகிரியும் தொட்டு, அதுவும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் பொதுவாக அதை வெப்ப அலை என்று சொல்லும். அந்தக் கணக்கில் அன்று சென்னையில் வெப்ப அலையே கிடையாது. இரண்டாவது, மருத்துவமனைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியென்றால் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரம் முழுவதும் அந்த மணலிலும், சாலையிலும், கூட்டத்துக்கு நடுவிலும்தான் இருந்திருக்கிறது. வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக் வந்தவருக்கான முதலுதவியில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். மாரடைப்பு வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால்தான் முழுச் சிகிச்சை கிடைக்கும். வெப்பவாதத்தில் அப்படியல்ல; விழுந்த இடத்திலேயே உடம்பைக் குளிரவைப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. அதைச் செய்ய டாக்டர் வேண்டாம். தண்ணீரும் இரண்டு மூன்று பேரும் போதும்.

நம் உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெளியே சூடு ஏறும்போது உடம்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்புகிறது, வியர்க்க வைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். ‘ஆவியானால்’ என்பதுதான் இதில் முக்கியம். காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்கும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வியர்வையால் உடம்பில் நீரும் உப்பும் குறைகிறதே தவிர, சூடு குறைவதில்லை. வேலூரின் வறண்ட 40 டிகிரியைவிடக் கடலோரத்தின் புழுக்கமான 35 சில நாட்களில் ஆபத்தாக மாறுவது இதனால்தான். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் காற்றோட்டமும் இருக்காது. பக்கத்தில் நிற்பவரின் உடம்புச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, கூடவே மூளையும் தடுமாறத் தொடங்கினால் அதுதான் வெப்பவாதம். ஹீட் ஸ்ட்ரோக் என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். குடலின் உட்சுவர் பலவீனமாகி அங்குள்ள நச்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன. தசை, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறையும் முறை என்று ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. சூடு எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஏறிய சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதம்தோறும் ஒரு ஓட்டப் பந்தயம் நடக்கும். அங்கே 18 ஆண்டுகளில் வெப்பவாதத்தோடு விழுந்த 274 பேரைப் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் உடனடியாக அமிழ்த்தினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இல்லை. தொட்டியும் பனிக்கட்டியும் தயாராக இருந்தன, அவ்வளவுதான்.

வெப்பவாதம் ஒரே அடியாக வருவதும் உண்டு, படிப்படியாக வருவதும் உண்டு. வெயிலில் வேலை செய்பவருக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். வெகுநேரம் நின்றவருக்குக் கண் இருட்டி மயக்கம் வரும். அடுத்த கட்டம் வெப்பக் களைப்பு: தலைவலி, குமட்டல், வியர்த்துக் கொட்டுவது, உடம்பெல்லாம் அசதி. இந்தக் கட்டங்களில் ஆளுக்குத் தெளிவு இருக்கும். கேட்டால் பதில் சொல்வார். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தேறிவிடுவார். தேறவில்லை என்றாலும், வாந்தி நிற்கவில்லை என்றாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

எல்லையைத் தாண்டிவிட்டார் என்பதைப் பேச்சிலும் நடத்தையிலும்தான் கண்டுபிடிக்க முடியும். சம்பந்தமில்லாமல் பேசுவார். ‘உங்க பேர் என்ன, இது எந்த ஊர்’ என்று கேட்டால் விழிப்பார். கோபப்படுவார், தள்ளாடுவார், நாக்குக் குழறும், வலிப்பு வரும். தோல் காய்ந்து சுட்டால்தான் வெப்பவாதம் என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே புழுங்கிக் கிடந்த முதியவர்களுக்கு அப்படி இருக்கும். ஆனால் மூட்டை தூக்கியவருக்கோ ஓடிப் பயிற்சி எடுத்தவருக்கோ உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும்போதே வெப்பவாதம் வரலாம். வியர்க்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 38 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். தோலின் சூடு உள்சூட்டைவிடக் குறைவாகவே காட்டும்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் ஒருவர் தள்ளாடி விழுகிறார், நாக்குக் குழறுகிறது, சட்டையெல்லாம் மண். கடந்து போகிறவர்கள் ‘குடிச்சிட்டுக் கிடக்கிறான்’ என்று விலகிப் போகிறார்கள். வெப்பவாதத்தின் அடையாளங்களும் போதையின் அடையாளங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவர் குடித்தே இருந்தாலும், குடி உடம்பின் நீரை வற்றவைத்து வெப்பவாதத்தைச் சீக்கிரம் வரவழைக்கும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதலே. வெயிலில் விழுந்து கிடக்கும் யாராக இருந்தாலும் கிட்டப் போய்த் தோளைத் தட்டிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வெப்பவாதம் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்க வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்தும் சிகிச்சைதான் முதலில். மூச்சு இருந்தால் ஷூ, சாக்ஸ், பெல்ட், சட்டை, பேன்ட் என்று கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். பெண் என்றால் சுற்றி நிற்கும் பெண்கள் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். கூச்சத்தினால் நேரம் போகக் கூடாது. அப்புறம் தண்ணீர். ஒரு கை அள்ளி முகத்தில் தெளிக்கிற தண்ணீர் இல்லை. குடம் குடமாக, கழுத்திலிருந்து கால்வரை, நிற்காமல். பக்கத்தில் குழாயோ மோட்டார் பம்போ இருந்தால் ஓஸை நேராக உடம்பின் மேல் திருப்பிவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும் என்பதில்லை, குழாய்த் தண்ணீரும் 40 டிகிரி உடம்புக்குக் குளிர்ச்சிதான். மொட்டைமாடித் தொட்டியில் வெந்து கிடக்கும் தண்ணீரை மட்டும் தவிர்த்துவிட்டுக் கிணறு, போர், கேன் என்று வேறு எங்கிருந்தாவது எடுங்கள். ஊற்றும்போதே ஒருவர் அட்டையாலோ துண்டாலோ விசிற வேண்டும். புழுக்கமான ஊரில் ஆவியாவது மெதுவாக நடக்கும் என்பதால் அங்கே தண்ணீரின் அளவுதான் கைகொடுக்கும். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தலைமாட்டில் இருக்கட்டும்.

இளவயதினர், உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுந்தவர் என்றால் இதைவிட வேகமான ஒரு வழி இருக்கிறது. தொட்டி இல்லாத இடங்களில் விளையாட்டு மருத்துவர்கள் தார்ப்பாயைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் தார்ப்பாய் இல்லாத கட்டட வேலை இடமோ, நெல் களமோ, திருவிழாப் பந்தலோ கிடையாது. ஆளைத் தார்ப்பாயின் நடுவில் படுக்க வைத்து, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே ஒரு தொட்டி. அதில் தண்ணீரை நிரப்பி, ஜூஸ் கடையிலோ மீன் மார்க்கெட்டிலோ கிடைக்கும் ஐஸை உடைத்துப் போட்டு, தூக்கிப் பிடித்தவர்கள் மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றால் தோலை ஒட்டிய நீர் சூடாகி அப்படியே போர்வையாகிவிடும். அசைத்தால்தான் புதுத் தண்ணீர் படும். தலையும் தோளும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது வேண்டாம். ஈரத்துணி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. அதற்குள் அவர் தெளிவாகப் பேசத் தொடங்கினாலோ, குளிரில் நன்றாக நடுங்கத் தொடங்கினாலோ நிறுத்தலாம். ஆட்டோவிலோ காரிலோ கொண்டுபோவதாக இருந்தால் ஈரத் துணியோடு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள். குளிரவைக்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு நெரிசலில் நாற்பது நிமிடம் ஓடுவதைவிட, இருக்கும் இடத்தில் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுவது மேல். கேட்பதற்குத் தப்பாகத் தோன்றும், ஆனால் வெப்பவாதத்தில் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வரிசை இதுதான்: முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு குரல் எழும். ‘சூடான உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி கண்டுடும்.’ பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் ஜன்னி என்று அவர்கள் பார்த்துப் பயந்த பிதற்றலும் வலிப்பும், வெயிலில் விழுந்தவரைப் பொறுத்தவரை, மூளை வெந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள். தண்ணீர் ஊற்றியதால் வந்தவை அல்ல. ஊற்றாமல் விட்டால் வருபவை. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டியைச் சொருகுவதும் உதவாது. கரண்டி பல்லை உடைத்து மூச்சுக்குழாயில் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுவதைத் தொடருங்கள்.

இன்னொரு வழக்கமான தவறு பாராசிட்டமால். காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டுக் கணக்கை மேலே ஏற்றி வைத்திருக்கிறது. மாத்திரை அந்தக் கணக்கைக் கீழே இறக்குகிறது. வெப்பவாதத்தில் மூளையின் கணக்கு மாறவே இல்லை, உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. அதனால் மாத்திரை வேலை செய்யாது. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமையும் ஆகும்.

குடிப்பதற்கு வருவோம். நினைவு தப்பியவருக்கும் பிதற்றுகிறவருக்கும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒரு மடக்கு சோடாகூட. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தெளிவாக இருப்பவருக்கு மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீராகாரம், இளநீர் எல்லாம் நல்லவை. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. எனவே நாள் முழுக்க வியர்த்தவர் இளநீரை மட்டும் நம்பாமல் உப்புச் சேர்த்த மோரையும் குடிப்பது சரி. இவை எல்லாவற்றையும்விட ஓஆர்எஸ் சிறந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், மருந்துக் கடையிலும் மலிவு. பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கூடாது. கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். ஓஆர்எஸ் என்று பெரிதாக அச்சிட்டுச் சர்க்கரைப் பானங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளில் இல்லாத எதற்கும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது உள்ளடக்கத்தைப் படித்துப் பார்ப்பது இன்னமும் நல்லது. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று சிகிச்சையில் இருப்பவர்கள் உப்பின் அளவைத் தங்கள் டாக்டரிடம் கோடை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ‘நீர் மாத்திரை’ சாப்பிடுகிறவர்களுக்கும் மனநல மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் சீக்கிரம் தாக்கும். அதற்காக மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடக் கூடாது.

வெயிலால் தோல் வேகுவதை நம்மில் பலர் வெள்ளைக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்கிறோம். கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்மைதான். ஆனாலும் வேகும், சிவப்பு தெரியாது, அவ்வளவுதான். தொட்டால் சுடும், சட்டை பட்டால் எரியும், இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், சில நாளில் தோல் உரியும். வெயிலில் நிற்கும்போது தெரியாமல் சில மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கி, மறுநாள்வரை கூடிக்கொண்டே போகும். புற ஊதாக் கதிர் மெல்லிய மேகத்தையும் தாண்டி வரும். மணலும் நீரும் அதைத் திருப்பி அடிக்கும்.

எரிகிற இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்ந்த நீர் படட்டும், அல்லது ஈரத்துணி போடுங்கள். ஐஸை நேரடியாக வைக்க வேண்டாம். பற்பசை, நல்லெண்ணெய், வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளே அடைத்துவைக்கும், கொப்பளம் உடைந்தால் சீழ் பிடிக்கும். கற்றாழை தடவலாம். ஆனால் மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் தோலை அரிக்கும். வெட்டிய மடலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துப் பாலை வடியவிட்டு, சோற்றை நன்றாகக் கழுவிய பிறகே தடவ வேண்டும். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் இங்கே சரி. கொப்பளத்தை உடைக்காதீர்கள். சின்னக் குழந்தைக்கு வந்தாலும், கொப்பளம் பரவலாக இருந்தாலும், குளிர்க்காய்ச்சல், வாந்தி சேர்ந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கறுத்துவிட்டதே என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே போவது இப்போது அதிகமாகிவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள ஒரு வேதிப்பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தீக்காயம் மாதிரியே கொப்பளித்து மாதக்கணக்கில் போகாத கருந்தழும்பை விட்டுவிடும். போக்க நினைத்த கறுப்பைவிட அது பல மடங்கு மோசம். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு எளிதில் வேகவைத்துவிடும். மாத்திரை தொடங்கிய வாரத்தில் கை முழுக்க எரிகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வெந்த தோல் சில நாட்களுக்குச் சரியாக வியர்க்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதுகும் தோளும் வெந்த ஒருவர் அடுத்த நாளே மறுபடி வெயிலில் இறங்கினால் வெப்பவாதம் அவருக்கு மற்றவரைவிட எளிதில் வரும்.

புதிதாக வெயில் வேலைக்கு வருகிறவர்களும் இதே கணக்கில்தான் சேர்வார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வேலையிடத்தில் வெயிலால் நேரும் மரணங்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயில் வேலை தரக் கூடாது, பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ரயிலில் இருந்து இறங்கிய மறுநாளே கான்கிரீட் போட நிறுத்தப்படும் வடமாநிலத் தொழிலாளிக்கு நம் ஊரில் அந்த அவகாசம் எங்கே? உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் கொடுமை. கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அங்கே முதலுதவி கழிப்பறை கட்டுவதுதான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெயில்தான் என்று பதிவானால்தானே அது கிடைக்கும்? உடம்பு குளிர்ந்த பிறகு வெப்பவாதத்தை நிரூபிப்பது கடினம். நெஞ்சுவலி என்று எழுதி முடிந்துவிடும். ஆகவே ஆளை ஒப்படைக்கும்போது எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருந்தார், எப்படிப் பேசினார் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடமும் மருத்துவமனையிலும் தெளிவாகச் சொல்லி எழுத வைக்க வேண்டும். சிகிச்சைக்கும் அது உதவும்.

பிழைத்து வீட்டுக்கு வந்தவரை இரண்டாம் நாளே வேலைக்கு அனுப்பக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சிறுநீரகமும் சரியானது உறுதியாகும்வரை வெயில் வேலை வேண்டாம்; அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதற்குள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, தசை வலி கூடினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும்.